திருட்டுப் பிரிண்டில் வந்த சத்தம்

உறையூரில் பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கும் முருகானந்தத்துக்குத் திருட்டுப் பிரிண்ட் என்றாலே ஆகாது. எந்தப் படமானாலும் மனைவி சுபலட்சுமியைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்குப் போய்த்தான் பார்ப்பார். அதோடு விடவும் மாட்டார். கடைக்கு வருகிறவர்களைப் பிடித்து நிறுத்தி, "எத்தனை பேர் உழைப்புங்க அது. ஓசியில பாக்க எப்படிங்க மனசு வருது?" என்று பேச ஆரம்பித்துவிடுவார். வீட்டில் குழாய் ஒழுகிக்கொண்டிருக்கும் அவசரத்தில் வந்தவர்கள், இனிமேல் பார்க்கவே மாட்டோம் என்று ஒப்புக்கொண்டு வாஷரோடு ஓடுவார்கள்.

பக்கத்துக் கடைக்காரர் நிஜாமுதீன். வெளியே செல்போன் ரீசார்ஜ் என்று போர்டு இருக்கும். உள்ளே, தியேட்டரில் யாரோ திருட்டுத்தனமாகப் பதிவுசெய்த புதுப்படம், கேட்டவர்களுக்குப் பென்டிரைவில் ஏறும். இதை வைத்து இருவருக்கும் தினமும் சண்டை. சண்டைக்கு நடுவே ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பதும் நிற்கவில்லை.

போன தீபாவளிக்கு ஒரு துப்பறியும் படம் வந்தது. முருகானந்தம் உடனே பார்த்துவிட்டு வந்து, "செகண்ட் ஆஃப் பிரமாதம் பாய். கண்ணை இமைக்க விடல," என்றார்.

அடுத்த வாரம் நிஜாமுதீனுக்குப் புகார்கள் வந்தன. இடைவேளைக்கு அப்புறம் படத்தில் 'கர்ர்' என்று ஏதோ இரைகிறதாம். ஒருவர் டி.வி. ஸ்பீக்கரையே கழற்றிப் பார்த்திருந்தார். ஆட்டோ ஓட்டும் வெள்ளைச்சாமி மட்டும், அதை வில்லனின் பின்னணி இசை என்று நினைத்து முழுசாக ரசித்திருந்தார்.

நிஜாமுதீன் சந்தேகத்தோடு கடையிலேயே போட்டுப் பார்த்தார். கணவனுக்குச் சாப்பாடு எடுத்து வந்த சுபலட்சுமி வாசலில் நின்றுவிட்டாள்.

"பாய், அத நிறுத்துங்க."

"ஏன் அண்ணி?"

"அது எங்க வீட்டு சத்தம்."

அவர் நிறுத்துவதற்குள், ஸ்பீக்கரிலிருந்து அவளுடைய குரலே கிசுகிசுத்தது: "ஏங்க, முழிங்க. முன்சீட்டுக்காரங்க திரும்பிப் பாக்குறாங்க."

முருகானந்தம் நம்பவில்லை. "குறட்டையில என் பேரு எழுதியிருக்கா?" என்றார். காதால் கேட்டால் தெரிந்துவிடும். ஆனால் கொள்கை குறுக்கே நின்றது. யோசித்துப் பார்த்து, திருட்டுப் படத்தைப் பார்ப்பதுதான் தப்பு, தன் குறட்டை தன் சொத்து, அதைக் கேட்பதில் தப்பில்லை என்று முடிவு கட்டினார். சுவரைப் பார்த்துத் திரும்பி, வாத்தியார் தண்டித்த பையன் மாதிரி கைகட்டி நின்று கேட்டார்.

"லேசாத்தான் இருக்கு."

"லேசாவா? கொலகாரன் பேரைச் சொல்ற இடமே கேக்கலண்ணே."

"யாரு கொலகாரன்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று உறைத்தது. காது மடல் வரை சிவந்துபோனார்.

நிஜாமுதீனுக்கே பாவமாக இருந்தது. "ஒண்ணு சொல்லட்டுமாண்ணே? இந்தச் சத்தத்துல கதை புரியாம, நம்ம கஸ்டமருங்க கொஞ்ச பேரு தியேட்டருக்கே போயிட்டாங்க."

முருகானந்தம் சுவரிலிருந்து திரும்பினார். "அப்ப நான் தூங்குனது நல்லதுக்குத்தான்."

"ஊருக்கு நல்லதுதான். பக்கத்துல உக்காந்திருந்தவ நான்," என்றாள் சுபலட்சுமி.

ஆனாலும் கொலைகாரன் யார் என்பது அவரை அரித்தது. நல்ல பிரிண்ட் வந்துவிட்டதாகச் சொல்லி நிஜாமுதீன் பென்டிரைவை நீட்டினார். முருகானந்தத்தின் கை பாதி தூரம் போனது. சுபலட்சுமி பார்ப்பதைக் கண்டதும் தலையைச் சொறியத் திரும்பி வந்தது.

திருச்சித் தியேட்டர்களிலிருந்து படத்தைத் தூக்கிவிட்டார்கள். மணப்பாறையில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் பஸ் ஏறினார்கள். "துணைக்கு வரேன்" என்று நிஜாமுதீனும் ஏறிக்கொண்டார். தியேட்டர் கவுண்டருக்கு முன்னால் போய், "எங்கண்ணே நிக்கணும்?" என்று கேட்டார்.

கொலைகாரன், கதாநாயகிக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் சாதுவான மனிதர். நிஜாமுதீன் இருக்கையை விட்டு எழுந்தே விட்டார். திரும்பி வரும் பஸ்ஸிலும் பரபரப்பு அடங்கவில்லை. "அந்தப் பாட்டு வாத்தியார் கொன்னிருப்பாருன்னு யாருண்ணே நினைப்பா?" என்று சத்தமாகக் கேட்டார்.

முன்சீட்டு அம்மாள் திரும்பினாள். "நாளைக்குக் குடும்பத்தோட போலாம்னு இருந்தோம். இப்படிச் சொல்லிட்டீங்களே."

அந்த அம்மாளிடம் நிஜாமுதீன் திருச்சி வரும்வரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தார்.