கடலைப் பொட்டலத்தில் ஒரு விலாசம்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்களுக்கு மூச்சு முட்டும் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். யார் பெயரையும் போடக் கூடாது என்று மட்டும் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ராஜபாளையத்தில் நூல் மில்லில் காலமெல்லாம் நின்றே வேலை பார்த்தவள் நான். மில்லை விட்டு வந்த பிறகு, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்தால் சந்தோஷம் இருக்காதா? ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் என் மகள் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறாள். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின், வாசலை ஒட்டி எனக்கு ஒரு நாற்காலி. காலையில் பஸ்ஸில் வந்து சாயங்காலம் பஸ்ஸில் திரும்புவேன். வீட்டுக்குப் போய்ச் சேரும்போது கால் பூசணிக்காய் மாதிரி இருக்கும். பேரன் பார்த்துவிட்டு, “ஆச்சி, நீ உக்காந்து பாக்க வேலைக்கு எதுக்குக் கால் வீங்குது?” என்பான். பஸ்ஸில் நிற்கிறேனே, அதற்குத்தான்.

என் வேலை நோட்டு. வருகிறவர்கள் பெயர், இப்போது குடியிருக்கிற விலாசம், போன் நம்பர், வந்த நேரம், போன நேரம் எல்லாம் அதில் எழுத வேண்டும். அடையாள அட்டையின் ஜெராக்ஸை அந்தப் பக்கத்திலேயே பின் அடிக்க வேண்டும். கவர்மெண்டு உத்தரவு. ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும், ஆபீசர் கேட்டால் காட்ட வேண்டும். படிக்காதவளுக்கு இந்த வேலையா என்று மருமகன் சிரித்தார். படிக்கத் தெரியாவிட்டாலும் கட்டம் காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரியுமே. ஆள் உள்ளே போனதும் ஓரத்தில் சிவப்பு பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். வெளியே போகும்போது அந்தப் புள்ளியைச் சுற்றி ஒரு சுழி போடுவேன், கோலத்துக்குப் போடுகிற மாதிரி. சாயங்காலம் சுழி இல்லாத புள்ளி இருந்தால் யாரோ நேரம் எழுதாமல் போய்விட்டார் என்று அர்த்தம்.

தினமும் வருகிற ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு என்னோடு இதிலேதான் வழக்கு.

“ஆச்சி, தெனமும் வாரேன். என் பேரு உங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நோட்டுக்குத் தெரியாதுல்ல.”

அவர்தான் ஒரு நாள் போகும்போது மகளிடம், “ஹிஸ்டரிய அழிச்சிட்டுப் போகட்டுமா?” என்று கேட்டார். நான் கோயில் வரலாற்றை ஏன் அழிக்கிறார் என்று பதறிப் போனேன். மகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். யார் எந்தக் கம்ப்யூட்டரில் என்னத்தைப் பார்த்தார்கள் என்பதற்குப் பெயர்தான் ஹிஸ்டரியாம். அதையும் அழிக்கக் கூடாதாம், அதுவும் ஒரு வருடமாம். வீட்டில் வைத்திருக்கும் போனிலும் இப்படித்தான், கம்பெனிக்காரன் எழுதி வைக்கிறான் என்றாள். எனக்கு ஆயாசமாக இருந்தது. மனுஷர் ஒரு பக்கம் மறந்துகொண்டே வர, இவ்வளவையும் யார் உட்கார்ந்து ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

போன வருடம் ஆடியில் ஒரு பிள்ளை வந்தாள். ராஜபாளையத்துப் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற ஆலையில் வேலை. காதோரத்து முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே மில்லுக்காரி என்று எனக்குப் பிடித்துவிட்டது. பெயரை எழுதினாள், விலாசக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“ஆச்சி, இது எழுதியே ஆகணுமா? கார்டுல இருக்க பழைய விலாசம் போதாதா?”

“இப்ப இருக்க எடந்தான் தாயி எழுதணும். சட்டம்.”

“யாரு பாப்பாவ இத?”

“யாரும் பாக்க மாட்டாவ. தெனமும் மடியில வச்சிருக்க எனக்கே தெரியாது, என்ன எழுதியிருக்குன்னு.”

அதைக் கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு எழுதினாள். என் வார்த்தையை நம்பித்தான் எழுதினாள்.

பிறகு பல ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கம்ப்யூட்டர் காலியாகும்வரை என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னதை இங்கே ஒரே மூச்சில் சொல்கிறேன். கூமாப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அடிக்கிறவன். போன் வாங்கிக் கொடுத்து, அதில் அவள் யாரிடம் பேசினாள், என்ன தேடினாள் என்பதைத் தன் போனிலேயே பார்க்கிற மாதிரி என்னமோ செய்து வைத்திருந்தான். ‘விவாகரத்து வாங்க என்ன செய்ய வேண்டும்’ என்று ஒரு நாள் தேடியிருக்கிறாள். சாயங்காலம் அவன் அதையே வாய்விட்டுப் படித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தானாம். அன்றைக்கு வாங்கிய அடிக்குப் பிறகு அந்தப் போனை அரிசிப் பானையில் போட்டுவிட்டு, கட்டிய சேலையோடு வெளியேறியிருக்கிறாள். இப்போது கையில் இருப்பது பட்டன் போன். வேறு ஊரில் வேலைக்கு எழுதிப் போடத்தான் எங்கள் கடைக்கு வருவது. விவாகரத்து கேட்டுக் கோர்ட்டில் போட்ட வழக்குக்கு அம்மா வீட்டு விலாசம்தான் கொடுத்திருக்கிறாள். ராஜபாளையத்தில் எந்தத் தெருவில் எந்த அறை என்பது அவனுக்குத் தெரியாது. தெரிந்தால் வந்துவிடுவான் என்பதை அழாமல், சத்தம் கூட்டாமல் சொன்னாள்.

இந்த ஆவணி கடைசியில் மகள் பரணைச் சுத்தம் செய்தாள். “யம்மா, இந்த நோட்டுக்கு ஒரு வருசம் தாண்டிட்டு. எடத்த அடைக்குது, கழிச்சிரு” என்று என் கையில் கொடுத்துவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டாள். தூக்கிப் போடு என்ற அர்த்தத்தில் சொன்னாளா, கிழித்துப் போடு என்று சொன்னாளா, இன்றுவரை எங்களுக்குள் அது தீரவில்லை. எங்கள் வீட்டில் நோட்டைக் கழிப்பது என்றால் ஒன்றுதான். தெருவில் சைக்கிளில் பழைய பேப்பர்காரன் வந்தான். நோட்டைக் கொடுத்தேன், ஒரு பிளாஸ்டிக் முறம் கொடுத்தான். நல்ல முறமாகத் தருகிறானே என்று மகிழ்ந்துபோய் வாங்கி வைத்தேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடலை வாங்கினேன். பாதி தின்றிருப்பேன். பொட்டலம் பிரிந்து ஓரம் தெரிந்தது. சிவப்புப் புள்ளி, புள்ளியைச் சுற்றிச் சுழி. கீழே இன்னொன்று. அதற்குக் கீழே இன்னொன்று. எழுத்து எனக்குத் தெரியாது, என் சுழி எனக்குத் தெரியாமல் போகுமா? மீதிக் கடலையை முந்தியில் கொட்டிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டேன்.

தள்ளுவண்டிக்காரரிடம் திரும்பிப் போனேன்.

“ஏய்யா, இந்தத் தாளு இன்னும் இருக்கா?”

“எதுக்குப் பெரியம்மா? கடலை நல்லால்லயா?”

“கடலைக்குக் கொற இல்ல. தாளு என்னோடது.”

“தாளுக்கும் ஆளு வருதா இப்ப?” என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டிக்கு அடியில் இருந்த கட்டை எடுத்துக் கொடுத்தார். “கொஞ்சந்தான் கிழிச்சிருக்கேன். நாலஞ்சு நாளா இதுலதான் மடிச்சேன்.”

கட்டை மடியில் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு பஸ் போனது, இன்னொன்று போனது. அந்தப் பிள்ளையின் புருஷன் வாய்தாவுக்குக் கூமாப்பட்டியிலிருந்து வந்து இறங்குவதும் இதே பஸ் ஸ்டாண்டுதான். கோர்ட்டு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கிறவன் கடலை வாங்க மாட்டானா? அவள் பக்கம் என் மடியில் இருக்கிறதா, யார் கையிலோ போய்விட்டதா என்பது எனக்குத் தெரிய வேண்டும். பக்கத்தில் யாரிடமாவது படிக்கச் சொல்லலாம். சொன்னால் அவர் எல்லாப் பெயரையும் படிப்பார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று சொன்ன வாயால் அதை எப்படிக் கேட்பேன்?

மகளிடம் கொண்டுபோனேன். அவள் பார்த்தால் குற்றமில்லை, நோட்டே அவளுடையது. ஆனால் பார்த்ததும் அவள் படிக்கவில்லை, நாற்காலியில் சாய்ந்துவிட்டாள்.

“ஏம்மா, இத வெல போட்டா கொடுத்த?”

“நீதான கழிக்கச் சொன்ன.”

“ஒரு வருசம் வைக்கச் சொன்ன ஆபீசரு எப்படிக் கழிக்கணும்னு எனக்கு மட்டும் சொன்னானா?” என்றாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆடி மாதத் தாளைத் தேடினாள். இரண்டு பக்கம் இருந்தது, அதில் அந்தப் பிள்ளை இல்லை. அடுத்த ஆவணியிலும் அங்கங்கே தாள் குறைந்தது. அவள் எந்தெந்த ஞாயிறு வந்தாள் என்று எங்களுக்கு ஞாபகம் இல்லை.

மறுநாள் ஆலை வாசலில் போய் நின்றேன். ஷிப்டு விட்டுப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அவள் என்னைக் கண்டு சிரித்துக்கொண்டு வந்தாள். “ஆச்சி, இங்க என்ன? திரும்ப வேலைக்குச் சேந்துட்டீயளா?”

ரோட்டோரம் பாலத்துக் கட்டையில் உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் நினைத்தேன். அப்படியும் முறத்தில் ஆரம்பித்துத்தான் வந்து சேர்ந்தேன். எல்லாம் கேட்டுவிட்டு அவள் ஒன்றைக் கேட்டாள்.

“எம்புட்டு நாளா மடிச்சிருக்கான்?”

“நாலஞ்சு நாளு.”

“போன வியாழன் வாய்தா ஆச்சி. அவன் வந்திருந்தான். அன்னைக்கு என்னப் பாத்துச் சிரிச்சான். எதுக்குச் சிரிக்கான்னு நெனச்சேன். சும்மாகூடச் சிரிச்சிருப்பான். தெரியல.”

“எம் மேல கோவந்தான தாயி?”

“யாரு மேலன்னு ஆச்சி கோவப்பட? எழுதச் சொன்னவிய மேலயா, எழுதுன எம் மேலயா?” சேலை முந்தியால் முடியிலிருந்த பஞ்சைத் தட்டினாள். “அறையத்தான் மாத்தணும். இப்பத்தான் ரெண்டு செடி வச்சேன்.”

மீதித் தாளையெல்லாம் நானும் மகளும் கிழித்து வாளித் தண்ணீரில் ஊறப்போட்டோம். இரண்டு நாளில் கூழானது. வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, ஓட்டை விழுந்திருந்த மூங்கில் சொளகுக்கு, அதுதான் பழைய முறத்துக்கு, பூசினேன். வருடம் தாண்டிய நோட்டுக்கு இப்போது எங்கள் கடையில் இதுதான் வழி. பூசுவதற்குச் சொளகு இல்லாவிட்டால் குப்பைக் குழியில் கரைத்து ஊற்றுகிறோம். அந்த வேலை என்னுடையது. இடுப்பு வலிக்கிறது, இன்னொருவரிடம் கொடுக்க மனம் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அறை மாறினாள். ஆலையில் கூட வேலை பார்க்கிற பெண் ஒருத்தி பார்த்துக் கொடுத்த இடம். ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஸ்டவ், பாய், துணி மூட்டை, இரண்டு செடித் தொட்டி. ஆட்டோக்காரருக்குக்கூட இடம் தெரிய வேண்டாம் என்று பெட்டியையும் பாயையும் முதல் நாளே அந்தப் பெண்ணோடு கொண்டுபோய் வைத்துவிட்டாள். மீதியை நடந்தே கொண்டு போனோம். மூட்டையும் ஒரு தொட்டியும் என்னிடம். இரண்டு தெரு தாண்டுவதற்குள் எனக்கு மூச்சு இரைத்தது. ஒரு டீக்கடை முக்கில் மூட்டையை இறக்கி வைத்தேன்.

“இந்தா, கிட்ட வந்துட்டோம் ஆச்சி. அடுத்த சந்துதான்” என்று கையைத் தூக்கினாள்.

“கைய எறக்கு. எந்தச் சந்துன்னு காட்டாத.”

“ஒங்களுக்குத் தெரிஞ்சா என்ன? ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்க.”

“தண்ணி டீக்கடையிலயும் இருக்கு. நீ இருக்க எடம் எனக்குத் தெரிய வேண்டாம் தாயி. ரெண்டு நடையா எடுத்துட்டுப் போ.”

அவள் தன் தொட்டியை என் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு மூட்டையைத் தலையில் ஏற்றினாள். நான் டீக்கடைப் பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அவள் திரும்ப வந்து தொட்டிகளை எடுத்தது சத்தத்தில் தெரிந்தது. “வாரேன் ஆச்சி” என்றாள். “சரி” என்றேன், திரும்பவில்லை. அவள் காலடிச் சத்தம் எந்தப் பக்கம் போகிறது என்பது காதில் விழுந்துவிடக் கூடாதென்று டீக்கடைக்காரரிடம் சர்க்கரை கூட இருக்கிறது, பால் தண்ணீராக இருக்கிறது என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன்.