மாவு விழுந்த கதையும் புருவப் பென்சிலும்

வில்மா ஹாஸ்லெட் புத்தகத்தைப் பின்பக்கமாகத்தான் திறப்பார். அட்டைப் படம், மோவாயில் கைவைத்திருக்கும் ஆசிரியரின் புகைப்படம், மனைவியின் பொறுமைக்கு நன்றி சொல்லும் பக்கம், எதையும் சட்டை செய்யமாட்டார். விரலை நாக்கில் தொட்டு, நேராகக் கடைசியில் இருக்கும் பெயரடைவுக்குப் போவார். ஹார்வி இருப்பார், ஹெண்டர்சன் இருப்பார். இருவருக்கும் நடுவில் 'ஹாஸ்லெட், ஹூபர்ட்' என்று இருக்கும். எதிரே ஒரே ஒரு பக்க எண். அந்தப் பக்கத்தைத் திறப்பார். படிக்கமாட்டார், அது மனப்பாடம். கைப்பையிலிருந்து புருவம் வரையும் பென்சிலை எடுத்து, ஓரத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டு, புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைப்பார். பிறகு அடுத்த பிரதி.

"காசு குடுத்து வாங்கின புத்தகத்துல கிறுக்குறவங்களைப் பாத்திருக்கேன்," என்பார் கடைக்காரர் ஃபெர்கஸ். "விக்காத புத்தகத்துல கிறுக்குறது இந்த ஊர்லயே நீங்க ஒருத்தர்தான் வில்மா."

"பிழை திருத்தித் தர்றேன் கண்ணு. கூலி கேட்டேனா?"

"பேனாவுல எழுதாம இருக்கீங்களே, அந்த மட்டுக்கும் சந்தோஷம்."

"பேனாவை யாரு தூக்கிட்டு அலையுறது? இது என் தொழில் சாமான். எப்பவும் பையில கிடக்கும்."

ஃபெர்கஸ் அதை அழிப்பதில்லை. புருவப் பென்சிலை ரப்பரால் தேய்த்தால் பக்கம் முழுக்கப் பழுப்பாக ஈஷிக்கொள்ளும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது, அவர் சொன்னதில்லை. பெல்ஃபாஸ்டில் இன்னொரு காரணத்தை யாரும் சொல்வதில்லை.

பின்பக்கமாகத் திறப்பது வில்மாவின் தனிக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. ஊரே அப்படித்தான். லண்டன்காரர்கள் வட அயர்லாந்தில் எங்களுக்கென்று ஒரு குட்டிப் பாராளுமன்றத்தைக் கொடுத்தார்கள். ஸ்டார்மண்ட் குன்றின் மேல் வெள்ளை வெளேரென்று கட்டிடமும் கட்டினார்கள். ஐம்பது வருடம் ஓடியபின் ஊர் பற்றி எரிந்தபோது அதைப் பூட்டினார்கள். பிறகு பேரவை என்று பெயர் மாற்றித் திறந்தார்கள். அது கோபித்துக்கொண்டு மூடும், சமாதானமாகித் திறக்கும், மறுபடி மூடும். இதைப் பற்றி அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. பேரவை கூடும் நாட்களில் உறுப்பினர்களுக்குத் தலைக்கு மேல் வேலை. மூடிக்கிடக்கும்போது அவரவர் வீட்டில் உட்கார்ந்து, மூடியது யார் குற்றம் என்று எழுத ஆரம்பிப்பார்கள். பேராசிரியர்கள் அதற்கு மறுப்பு எழுதுவார்கள். ஆக, எங்கள் ஜனநாயகம் படுத்துக்கொண்டால் எங்கள் பதிப்புத் தொழில் எழுந்து உட்காரும்.

வெளியீட்டு விழாக்களில் பார்க்க வேண்டும். முன்னாள் மந்திரிகள், அவர்களைத் திட்டியவர்கள், திட்டியவர்களைக் கொல்லப் பார்த்துப் பின்னால் திருந்தியவர்கள் எல்லாரும் ஒரு கையில் ஒயின் கோப்பையும் மறு கையில் புத்தகமுமாகப் பெயரடைவைத் துழாவுவார்கள். தன் பெயர் இருந்தால் நல்ல நூல். எதிரியின் பெயருக்குப் பக்க எண்கள் அதிகமாக இருந்தால் ஒருதலைப்பட்சமான நூல். பெயரே இல்லாவிட்டால் ஆசிரியருக்கு வரலாறு தெரியாது. அந்தக் கூட்டத்தில், ஓரமாகச் சிவப்பு மழைக்கோட்டோடு நிற்கும் எழுபது வயதுப் பெண்மணி மட்டும் தன் பெயரைத் தேடவில்லை.

வில்மாவுக்குத் தொழில் பெண்களுக்கு முடி அலங்காரம். நகரின் கிழக்குப் பகுதியில், இறைச்சிக் கடைக்கும் குதிரைப் பந்தயக் கடைக்கும் நடுவில், மூன்று நாற்காலி போட்ட கடை. மற்ற கடைகளில் காத்திருப்பவர்களுக்கு நடிகைகளின் விவாகரத்தைப் பற்றிய வார இதழ்கள் கிடைக்கும். வில்மாவின் கடையில் ஸ்டார்மண்ட் வரலாறுகள்தான் கிடைக்கும். முடி உலர்த்தும் கூண்டுக்குள் தலையைக் கொடுத்துவிட்டுத் தொகுதி மறுசீரமைப்பைப் படித்துக்கொண்டிருக்கும் பாட்டிமார்களை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் என்று இரண்டு பக்கத்துப் பெண்களும் வருவார்கள். "எந்தக் கோயிலுக்குப் போற தலையா இருந்தா என்ன?" என்பார் வில்மா. "நனைஞ்சா எல்லாம் ஒரே எலி வால்தான்."

கடைக் கதவு மூடியிருந்து யாரும் பார்த்ததில்லை. ஒரு செங்கல்லை அண்டக் கொடுத்துத் திறந்தே வைத்திருப்பார். ஜனவரி மாதத்தில் மழை சாய்வாக உள்ளே வரும். வாடிக்கையாளர்கள் கோட்டைக் கழற்றாமலேயே அதன் மேல் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"கதவைக் கொஞ்சம் சாத்தக் கூடாதா வில்மா? எனக்குக் கழுத்து பிடிச்சுக்கும்," என்று முனகுவார் திருமதி பெட்டிக்ரூ. முப்பது வருட வாடிக்கை.

"திறந்தே கிடந்தா யாரும் தட்ட வேண்டியதில்ல பாருங்க," என்பார் வில்மா.

திருமதி பெட்டிக்ரூ அதற்கு மேல் பேசமாட்டார். கழுத்துப் பிடிப்புக்கு மருந்து உண்டு.

வில்மாவின் தந்தை ஹூபர்ட், பழைய பாராளுமன்றத்தில் பார்வையாளர் மாடத்துக்கு வாயில்காப்பாளர். சீட்டை வாங்கிப் பார்ப்பார், பாதியைக் கிழித்துக்கொள்வார், கதவைத் திறப்பார். அறுபதுகளின் கடைசியில் ஒரு பிற்பகல், மூன்று மாணவிகள் மாடத்தில் ஏறி, பன்றி மானியம் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஓர் உறுப்பினரின் தலையில் ஒரு பை மைதா மாவைக் கொட்டினார்கள். அவருக்கு முடி கறுப்பு, அன்றைக்கு நரைத்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. இரண்டுமே சபையின் பெருமைகளாக இன்றைக்கும் சொல்லப்படுகின்றன.

பாராளுமன்றத்தைப் பூட்டிச் சில வருடங்கள் கழித்து, அதைப் பற்றிய முதல் பெரிய வரலாறு வந்தது. எழுதியவர் நகைச்சுவை உணர்வுள்ளவர். மாவுக் கதையைச் சொல்லிவிட்டு, 'வாயில்காப்பாளர் ஹாஸ்லெட் ஐந்து ஷில்லிங் வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டார்' என்று ஒரு வரி சேர்த்தார். அடுத்து வந்தவர் ஐந்து ஷில்லிங்கை ஒரு விஸ்கி பாட்டிலாக்கினார். அதற்கடுத்தவர், விஸ்கியோடு கன்னத்தில் ஒரு முத்தமும் சேர்த்துக்கொண்டார். எங்கள் நாட்டில் லஞ்சம்கூட ஆராய்ச்சியால்தான் வளர்கிறது.

முதல் நூலின் அந்த அத்தியாயத்தை ஒரு பத்திரிகை சனிக்கிழமை இதழில் வெளியிட்டது. ஊரே சிரித்தது. ஹாஸ்லெட் குடியிருந்த தெருவில் மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மாணவிகள் எதிர்ப்பக்கத்துப் பெண்கள். எதிர்ப்பக்கத்துக் காசு வாங்கியவன் என்றால் அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான், துரோகி. செவ்வாய்க்கிழமை சுவரில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வார்த்தை எழுதினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவைத் தட்டினார்கள். ஆயுள் முழுக்கக் கதவு திறந்த மனிதர். எழுந்து போய்த் திறந்தார்.

வில்மா அப்போது அடுக்களைத் தொட்டியில் குனிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காது நிறையச் சோப்பு. ஏதோ கீழே விழுந்த சத்தம் என்று நினைத்தாராம்.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. காரணம் கல்வித்துறை சார்ந்தது. பாராளுமன்ற வரலாறு, பாராளுமன்றம் பூட்டப்பட்ட வருடத்தோடு முடிகிறது. ஹூபர்ட் ஹாஸ்லெட் செத்தது அதற்குப் பிறகு. கால வரம்புக்கு வெளியே போய்ச் செத்துவிட்டார்.

வில்மா கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. "மாணவிங்க கையில சீட்டு இருந்துச்சு. சீட்டுல ஒரு உறுப்பினரோட கையெழுத்து இருந்துச்சு. அப்பா பாத்தாரு, கிழிச்சாரு, உள்ள விட்டாரு. காசு வாங்கல. இதை ஒரு புத்தகத்துல போட்டாப் போதும்." ஒவ்வொரு விழாவிலும் கேள்வி நேரத்தில் கையைத் தூக்கி இதையே சொல்வார். ஆசிரியர்கள் மிகுந்த அக்கறையோடு தலையாட்டுவார்கள். மறுபதிப்பில் விஸ்கி பாட்டில் இரண்டாகியிருக்கும்.

இந்த முறை கதை மாறும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். திருமதி பெட்டிக்ரூவின் மகன் டாக்டர் கிளைவ் பெட்டிக்ரூ புதிய வரலாறு எழுதுகிறார் என்ற செய்தி, அவருடைய அம்மாவின் தலையில் வில்மா சுருள் சுற்றிக்கொண்டிருந்தபோது வெளிவந்தது. வில்மாவின் கை நின்றது.

"உங்க பையனை ஒரு தடவை இங்க வரச் சொல்லுங்க."

"அவனுக்கு வழுக்கை விழுந்துடுச்சே வில்மா."

"முடி வெட்ட இல்ல."

கத்தரிக்கோல் காதருகே இருக்கும்போது கேட்கப்படும் கோரிக்கைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. கிளைவ் வந்தார். உலர்த்தும் கூண்டுக்கு அடியில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"அந்தச் சீட்டு எதுவும் உங்ககிட்ட இருக்கா?"

"கையெழுத்துப் போட்டவரு அன்னைக்கே தேடி வாங்கி அடுப்புல போட்டிருப்பாரு."

"அப்போ ஆதாரம்னு..."

"அஞ்சு ஷில்லிங்குக்கு என்ன ஆதாரம் தம்பி?"

"முதல் நூல்ல இருக்கு."

"அவருக்கு யாரு சொன்னாங்க?"

கிளைவ் யோசித்தார். நேர்மையான மனிதர், அவருக்கு யோசிக்கும் பழக்கம் உண்டு. "யாரோ சொல்லிக் கேட்டிருப்பார்," என்றார்.

"எனக்கும் ஒருத்தர் சொன்னாரு. எங்கப்பா."

கிளைவ் அதை எழுதிக்கொண்டார். போகும்போது வில்மாவின் கையைப் பிடித்து, "இந்தத் தப்பு என் புத்தகத்துல இருக்காது. வாக்கு தர்றேன்," என்றார். அன்று வில்மா திருமதி பெட்டிக்ரூவிடம் காசு வாங்கவில்லை. செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைப் பாதி சாத்தியும் வைத்தார். கழுத்துக்கு இதமாக இருந்ததாகத் திருமதி பெட்டிக்ரூ ஊரெல்லாம் சொன்னார்.

விழா போன வியாழக்கிழமை, ஃபெர்கஸின் கடையிலேயே நடந்தது. பேரவை திறந்திருக்கும் பருவமாதலால் கூட்டம் குறைவு. சாசேஜ் ரோல்கள் வட்டத் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன. வில்மா புதிதாக முடி சுருட்டி, புருவம் தீட்டி, சிவப்பு மழைக்கோட்டின் பித்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கேள்வி நேரத்தில் கையைத் தூக்கவில்லை. எங்களில் சிலர் அதைக் கவனித்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எல்லாம் முடிந்ததும் கிளைவே அவரைத் தேடி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"சொன்ன மாதிரியே செஞ்சுட்டேன். அந்த வரியை எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"முழுசா. லஞ்சம் வாங்கினதுக்கும் ஆதாரம் இல்ல, சீட்டு இருந்ததுக்கும் ஆதாரம் இல்ல. ரெண்டையும் விட்டுடறதுதான் நியாயம். இனிமே இதைப் பாத்து எழுதுறவங்களும் எழுத மாட்டாங்க. கதை இதோட நின்னுடும்."

வில்மா அவருடைய சட்டைப் பித்தானைப் பார்த்தபடி கேட்டார்.

"மாவு இருக்கா?"

"மாவு இருக்கு. அது நடந்தது எல்லாருக்கும் தெரியும்."

"பன்றி மானியம்?"

"இருக்கு."

"கதவு?"

"கதவு... இல்ல," என்றார் கிளைவ்.

"அப்போ அந்தப் பொண்ணுங்க எப்படி உள்ள போனாங்களாம்?"

"அதைச் சொல்லல."

"சரி கண்ணு," என்றார் வில்மா. "அம்மாவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லுங்க. பின்பக்கம் சுருள் தளர்ந்துபோச்சு."

கிளைவ் நிம்மதியாக ஒயினைத் தேடிப் போனார். நன்றாகப் போயிற்று என்றுதான் அவர் நினைத்தார். அவரிடம் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, தேடித்தான் பார்த்தேன்.

வில்மா மேஜையருகே போனார். அடுக்கின் மேலிருந்த பிரதியை எடுத்து, விரலை நாக்கில் தொட்டு, பின்பக்கமாகத் திறந்தார். ஹார்வி இருந்தார். ஹார்விக்கு அடுத்த வரியிலேயே ஹெண்டர்சன் இருந்தார். முன்னும் பின்னும் ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி அங்கேயே வந்தார். கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்திருந்தார். 'இல்லை' என்று எழுதுவதற்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை.

"வில்மா, ஒரு சாசேஜ் ரோல் எடுத்துக்குங்களேன்," என்றார் ஃபெர்கஸ், எதிலிருந்தோ அவரைத் தடுக்கப் பார்ப்பவர்போல.

அவர் திரும்பவில்லை. புத்தகத்தை இடது முன்கையில் வைத்து, வாடிக்கைக்காரியின் புருவத்துக்குக் குனிவதுபோலக் குனிந்தார். இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த நூலிழை இடைவெளியில், மிகச் சின்ன எழுத்தில், 'ஹாஸ்லெட், ஹூபர்ட்' என்று எழுதினார். அதன் பின்னால், பக்க எண் வருவதற்கு முன் போடுவதுபோல ஒரு காற்புள்ளி வைத்தார். பென்சில் அங்கேயே நின்றது. எதிரே எழுத எண் ஏதுமில்லை. மையை உலர்த்துவதுபோல் ஒரு முறை ஊதினார். பிறகு அதை மூடி வைத்துவிட்டு, அடுக்கிலிருந்து அடுத்த பிரதியை எடுத்துப் பின்பக்கமாகத் திறந்தார்.