அந்தப் பெண் பரீட்சை எழுதினாளா?

அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு விவாதம் வந்தது. எங்கள் பெற்றோர் காலத்தில் ஓகோவென்று ஓடிய ஒரு படம். ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் ஒருவன் பெரியவனாகிற கதை. அதை இன்றைக்கு உட்கார்ந்து பார்க்க முடியுமா என்பதுதான் கேள்வி. காவியம் என்றாள் ஒருத்தி. பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன் என்றான் ஒருவன். என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. எதையும் எண் போட்டு எழுதி, ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பவள். நீ சொல் என்றார்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். உண்மையில் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று எனக்குப் பதின்மூன்று வயது, வயிறு வலித்துக்கொண்டிருந்தது, படத்தைவிட முக்கியமான வேறு ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

ஆரணிப் பக்கம் அமாவாசையன்று தறி ஓடாது. சேவூரில் எங்கள் தெரு முழுக்க மாதத்தில் அந்த ஒரு நாள் சத்தமில்லாமல் கிடக்கும். அன்று வெள்ளிக்கிழமை, அமாவாசை. அதற்கு மறுநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, செய்யாரில் எனக்குத் திறனறித் தேர்வு. எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள்; படிப்பதற்காக வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. நான்கு மாதமாக டீச்சர் சாயங்காலங்களில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாடங்களைப் பட்டியல் போட்டு, முடித்ததை அடித்துக்கொண்டே வந்திருந்தேன். மீதி இருந்தது இரண்டே இரண்டு.

வெள்ளிக்கிழமை காலை குளிக்கப் போனபோதுதான் தெரிந்தது, நான் வயதுக்கு வந்துவிட்டேன் என்று.

பயப்படவில்லை, அதாவது ரத்தத்துக்குப் பயப்படவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது வரிசையாகத் தெரியும். அத்தையிடம் சொல்வார்கள். அப்பாவின் அக்காவான அத்தைதான் வீட்டில் சாஸ்திரம் பார்ப்பவர். தாய்மாமன் தென்னை ஓலை வெட்டிவந்து பின்கட்டில் குடிசை கட்டுவார். பதினோரு நாள் அதற்குள் உட்கார வேண்டும். தனித் தட்டு, தனிப் பாய். பதினோரு நாளில் ஞாயிற்றுக்கிழமையும் அடங்கும். கணக்கு எனக்கு நன்றாக வரும்.

ஆகவே சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிறு மாலை வரை. துணிக்கு எங்கே போவது என்று கூடத்துக்கு வந்து பார்த்தேன். தறியில் நெய்த சேலை சுருண்டிருக்கும் உருளைமேல் அழுக்குப் படாமல் அப்பா ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தியிருப்பார். பழைய வேட்டி, மெத்தென்று இருக்கும். இன்று தறி ஓடாது, யார் பார்க்கப்போகிறார்கள்? ஓரத்தில் ஒரு முழம் கிழித்துக்கொண்டேன். தீட்டு இருக்கிறவள் தறியைத் தொடக் கூடாது, தொட்டால் இழை அறும் என்று அத்தை ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். அது கிழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

மத்தியானம் படையல் முடிந்ததும் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, செய்யார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தள்ளுவண்டியில் வாடகைக் கலர் டிவி, வீடியோ டெக், இரண்டு கேசட்டோடு வந்து சேர்ந்தார். இந்தப் படத்தைத் தியேட்டரில் ஏழு தடவை பார்த்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். நான் சுவரோரம் கால்களை ஒட்டிவைத்து உட்கார்ந்தேன். கீழே விரித்திருந்தது வெளிர் பச்சைப் பாய். அதில் கறை பட்டால் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து பார்க்கலாமா, எழுந்தால் கேட்பார்களா என்பதே என் யோசனை.

படத்தில் பையனுக்குக் கணக்கு வராது. கூடப் படிக்கிற பெண், வகுப்பில் முதல் மாணவி, ஆற்றங்கரையில் உட்கார்ந்து அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அரையாண்டுப் பரீட்சைக்கு இருவரும் தயாராகிறார்கள். அப்போது அவள் வயதுக்கு வந்துவிடுகிறாள். ஒரு பாட்டு. தாய்மாமன் ஓலை கொண்டுவருகிறார். அவளை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்துகிறார்கள். பையன் அவளுடைய நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நிற்கிறான்.

பக்கத்து வீட்டு அக்கா மூக்கை உறிஞ்சினாள். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"நம்ம பாப்பாவுக்கு நான் கட்றேன் பாரு ஓல. ஊரே வந்து பாக்கும்."

அந்த நேரத்தில் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை.

"அந்தப் பொண்ணு பரீட்சை எழுதுனாளா இல்லியா?"

கூடமே சிரித்தது. "அய்ய, ஒருத்தன் உயிரு போவுதுன்னு மழையில நின்னுகினு கீறான், இவளுக்குப் பரீட்சை!" என்றார் மாமா.

அம்மா வாசற்படி அருகே பூ கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எழுதல."

"நீ இன்டர்வல்லோட தியேட்டர விட்டு எழுந்து வந்தவ. உனக்கு இன்னாக்கா தெரியும்?" என்றார் மாமா.

அம்மா பூவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டிவியைப் பார்த்தேன்.

முதல் கேசட் முடிந்தது. மாமா இரண்டாவதை மாற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர் அப்பாவிடம், சேலைக்குப் புதுக் கரை நல்லா வந்திருக்காமே, காட்டேன் என்றார். அப்பா உற்சாகமாக எழுந்து தறியிடம் போய்த் துணியை விலக்கினார்.

"இத்த யாரு கிழிச்சது?"

"எலியா இருக்கும்" என்றார் மாமா, டெக்கிலிருந்து தலையை எடுக்காமல்.

"எலி ஸ்கேல் வெச்சிகினா கிழிக்கும்? நேரா கிழிச்சிருக்குது பாரு."

அத்தை எழுந்துவந்து துணியைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு முகமாகப் பார்க்க ஆரம்பித்தார். அடுத்து என் முகம்தான். நான் சொல்லவேண்டிய பொய்களை வரிசைப்படுத்தினேன். முதல் பொய்யே வாயில் வரவில்லை.

"நான்தான் கிழிச்சேன்" என்றாள் அம்மா.

"எதுக்கு?"

"தூரம்."

இத்தனை ஆண்கள் இருக்கும் கூடத்தில் எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கரையை உற்றுப் பார்க்கத் தொடங்கினார். மாமாவுக்குக் கேசட் போடத் தெரியாமல் போய்விட்டது.

"இப்பவா? படையல் போடற வரைக்கும் நல்லாத்தான இருந்தே?"

"இப்பதான் அண்ணி."

"பத்து நாளு முன்னதான குந்தினே? நான்தான ஆக்கிப் போட்டேன்?"

"உடம்பு சரியில்ல."

"அதுக்குத் தறித்துணிதான் கெடச்சுதா? அமாவாசையும் அதுவுமா! பேஜாரு புடிச்ச வூடு" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டார். அம்மா எழுந்து, யாரையும் தொடாமல் சுவரை ஒட்டி நடந்து பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். எனக்கு உடம்பே லேசானது. அம்மாவும் அதே துணியில்தான் கிழித்திருக்கிறாள், எவ்வளவு பொருத்தம், கடவுள் என் பக்கம்தான் என்று நினைத்தேன். கிழிந்த இடம் ஒன்றுதானே இருந்தது என்ற கேள்வி, பிழை தேடியே பிழைக்கப்போகிற எனக்கு அன்று தோன்றவில்லை. படத்தின் மீதியில் பையன் மீசை முளைத்து லாரி ஏறி ஊரைவிட்டுப் போனான். நான் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை தறி ஓட வேண்டும். எங்களுடையது கோர்வைச் சேலை, கரையைத் தனியாகக் கோத்து நெய்வது. ஊடிழையை ஓட்டும் நாடாக்கட்டை உடலுக்கு ஒன்று, கரைக்குத் தனியாக ஒன்று. அப்பா ஒருவரால் முடியாது. ஒரு பக்கக் கரைக்கு இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். விடுமுறை நாட்களில் அது என் வேலை. இரவெல்லாம் தறியில் உட்காரும் பலகையை நினைத்தே புரண்டேன். உட்கார்ந்தால் இழை அறும். அறுந்தால் அத்தைக்குத் தெரிந்துவிடும். காலையில் அப்பா கூப்பிட, நான் எழுந்திருக்க, பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"அவ படிக்கட்டுங்க. இன்னிக்கி தறியில குந்த வெக்காதீங்க. தம்பி சும்மாதான கீறான்."

மாமா உட்கார்ந்தார். ஒரு கையால் நாடா தள்ளிக்கொண்டே நேற்றைய படத்தின் வசனத்தை ஒப்பித்தார். ஒரு மணி நேரத்தில் நான்கு இழைகள் அறுந்தன.

"மாப்ள, நீ வசனத்த வுடு, நாடாவ புடி" என்றார் அப்பா.

"அவன் இன்னா பண்ணுவான்? தூரத்துக்காரி தொட்ட தறி வேற எப்படி ஓடும்?" என்று அத்தை பின்கட்டுப் பக்கம் கேட்கும்படி சொன்னார். நான் சதவீதக் கணக்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். குற்றவாளி உள்ளே படித்துக்கொண்டிருக்க, தண்டனை வெளியே உட்கார்ந்திருந்தது.

இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. துவைக்கும் கல்லுக்கு மேலே அம்மா தனக்கென்று பழைய சேலையைக் கிழித்து மடித்து அடுக்கிவைத்திருந்தாள். அடுக்கில் ஆறு. அவள் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த நேரமாகப் பார்த்து ஒன்றை உருவிக்கொண்டு ஓடினேன். மாலையில் இன்னொன்று. ஞாயிறு காலையில் புத்தகப் பைக்குள் இரண்டு. ஒவ்வொரு முறையும் எண்ணினேன், பிடிபடாமலிருக்க. ஒவ்வொரு முறையும் அங்கே ஆறு இருந்தது. அம்மாவுக்கு எண்ணிக்கையில் கவனம் போதாது என்றுதான் அன்று நினைத்தேன். எட்டாவதோடு நின்றவள்தானே என்றும் நினைத்தேன்.

ஞாயிறு காலை நான் வெள்ளையில் பூப்போட்ட பாவாடை எடுத்துவைத்திருந்தேன்.

"அது வேணாம்" என்றாள் அம்மா, எழுந்திருக்காமலே. "கருநீலம் கட்டிக்கினு போ. பஸ்ஸுல அழுக்காவும்."

செய்யார் பஸ்ஸில் நின்றபடியே போனேன். டீச்சர் இடம் கொடுத்தும் உட்காரவில்லை. தேர்வு அறையில் கடைசிப் பெஞ்சு கிடைத்தது. தொண்ணூறு கேள்விகள். எண்பத்தேழு எழுதினேன், மூன்றைத் தெரிந்தே விட்டேன், வயிற்றை ஒரு இழு இழுத்தது. மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து போகும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. பரீட்சை முடிந்த சந்தோஷம் அப்போதுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து, அத்தையிடம், "இப்பதான்" என்று சொன்னேன். அம்மாவிடம் கற்ற சொல். அத்தை கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். மாமா அன்றே தென்னை மரம் ஏறினார். பின்கட்டில் அம்மா, "அப்படியா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு எழுந்து குளித்துவிட்டு, எனக்கு இடம் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போனாள். மூன்றாவது நாளே அவளுடைய தூரம் முடிந்திருந்தது. பதினோரு நாள் ஓலைக்குள் உட்கார்ந்து, மாமாவின் ஓலைப் பின்னலில் எத்தனை கண் என்று எண்ணினேன். தேர்விலும் தேறினேன். அதன்பின் படிப்பை நிறுத்துகிற பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை மடிக்கணினியில் முழுவதுமாகப் பார்த்தேன். பேனாவும் தாளும் வைத்துக்கொண்டு. ஆற்றங்கரை இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. பாட்டுகள் காலத்தைத் தாண்டி நிற்கின்றன. நகைச்சுவைக் காட்சிகளைத் தாங்க முடியவில்லை. பையன் மழையில் நிற்கும் காட்சியில் எனக்குக் கண் கலங்கியது, அதற்காக என் மேலேயே எரிச்சலும் வந்தது. பெண் உள்ளே போன பிறகு அவளுக்கு ஒரு வசனம்கூட இல்லை. கல்யாணக் கோலத்தில் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். இதையெல்லாம் எழுதி நண்பர்களுக்கு அனுப்பினேன். பார்க்கலாம், ஆனால் கதவின் எந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிறோம் என்பது முக்கியம் என்று கடைசியில் சேர்த்தேன்.

ஒரே ஒரு வரியை மட்டும் அனுப்பவில்லை. அந்தப் பெண் அரையாண்டுப் பரீட்சை எழுதினாளா என்பதற்குப் படத்தில் பதில் தேடினேன். இடைவேளைக்கு முன்பு தேடினேன், பின்பு தேடினேன். சந்தேகத்தில் இரண்டு இடங்களைத் திரும்ப ஓட்டியும் பார்த்தேன். யாரும் அதைக் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை.

பூ கட்டிக்கொண்டே, தலை நிமிராமல், "எழுதல" என்று அம்மா சொன்னபோது, படத்தைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.