அப்பாவின் பெயர்

மூணாறில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக் கடகடத்தால் இன்றும் நான் எட்டிப்போய் நிற்கிறேன்.

என் சின்ன வயதில் ஒருநாள், தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா இருந்தார், சோறு கொண்டுபோன அம்மாவும் நானும் இருந்தோம், மேஸ்திரி இல்லை. செயின் பிளாக்கில் தூக்கிய இரும்பு உருளைக்குக் கீழே அப்பா குனிந்து கட்டை வைத்துக்கொண்டிருந்தார். சங்கிலி நழுவுவதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏங்க! ஏங்க, வெளிய வாங்க!"

இயந்திர இரைச்சலில் நாலைந்து பேர் திரும்பினார்கள். "யாரைக்கா கூப்பிடுற, என்னையா?" என்று ஒருவர் சிரித்தார். அப்பா நிமிரவில்லை. புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள் அம்மா. அவள் கை என் தோளை இறுக்கியது.

"முருகேசா!"

அப்பா திகைத்து வெளியே பாய்ந்தார். உருளை விழுந்தது. உயிர் தப்பியது. பெயருக்கு முன்னால் சொன்ன அந்த இரண்டு 'ஏங்க'வுக்கு அப்பாவின் வலது பாதம் போயிற்று.