ஈரச் சாக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் என் அண்ணனும் நானும் தச்சு வேலை பார்த்தோம். தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர ட்ரம்களைப் பழுது பார்ப்பதுதான் வேலை. நான் ஐந்தாவதோடு நின்றவன். யாரிடமும் பேச வேண்டுமென்றால் அண்ணன்தான் பேசுவார். குடியிருந்த வீடும் டேனரிக்குச் சொந்தம். வேலை போனால் அண்ணன் பிள்ளைகளோடு தெருவுக்கு வர வேண்டியதுதான்.

முதலாளியின் ஆபீஸ் அறையில் ஆளை விட உயரமான ஒரு கடியாரம் நின்றது. அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரரிடம் வாங்கியதாம். அக்ரூட் மரம் என்பார்கள். ஒரே தோலை முதுகு வழியே பிளந்து விரித்த மாதிரி, கதவில் ரேகைகள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். ஆணி எங்கும் தெரியாது. பலகைகள் விரல் கோத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று இறங்கியிருக்கும். அதைக் கடந்து போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொள்வேன்.

ஒரு கோடையில் கதவு சுருங்கி இடைவெளி விட்டது. சரிசெய்யச் சொல்லிவிட்டு முதலாளி வேலூருக்குப் போனார். உள்ளே தொங்கிய பித்தளைக் குண்டுகளையும் பெண்டுலத்தையும் கழற்றி வைத்தோம். பிறகு, காய்ந்து வாய் பிளந்த ட்ரம்முக்குச் செய்வதையே அண்ணன் செய்தார். சாக்கை நனைத்துக் கதவின் மேல் போர்த்தினார். தண்ணீர் குடித்தால் மரம் ஊதி இடைவெளி மூடிக்கொள்ளும். ட்ரம்மில் அது தவறியதே இல்லை.

சாப்பிட்டு வந்து சாக்கை எடுத்தோம். கதவின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொப்புளம். அப்போதுதான் தெரிந்தது, கதவு முழுவதும் அக்ரூட் இல்லை. அடியில் சாதாரண மரம். மேலே காகிதம் போல இழைத்த அக்ரூட் தகட்டை வஜ்ரத்தால் ஒட்டியிருந்தார்கள். தோல் கழிவைக் காய்ச்சி எடுக்கிற பசை அது. ஈரம் பட்டால் இளகிவிடும்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இன்னா மேஸ்திரி, கடியாரத்துக்கு அம்மை போட்டுச்சா?"

அண்ணன் என் காதருகே வந்தார். "மழைச் சாரல்னு சொல்லிடலாமாடா?"

"இந்த வெயில்ல எந்த மழைண்ணா?"

வாசலில் கார் வந்து நின்றது. முதலாளி நேராக வந்து கொப்புளத்தின் மேல் கை வைத்தார்.

"யாருப்பா தண்ணி வச்சது?"

அண்ணன் என் பின்னால் ஒதுங்கினார். வேறு வழியின்றி நான் சொன்னேன். "ட்ரம்முக்கு வெக்கிற மாதிரி வச்சிட்டோம் மொதலாளி."

"அப்போ உள்ளாற ரெண்டு தோலையும் போட்டுச் சுத்த வேண்டியதுதானே!" அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஒட்டுங்க. நான் இங்கியேதான் இருப்பேன். கிழிஞ்சுதுன்னா வீட்டைக் காலி பண்ணிடுங்க."

தகடு காயும் வரை காத்திருந்தோம். அவர் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் கத்தியை என்னிடம் தள்ளினார். ரேகையை ஒட்டியே கொப்புளத்தைக் கீறினேன். தகடு 'நெறுக்' என்றது. கத்தியை நிறுத்திப் பார்த்தேன். கீறல் விரியவில்லை. சூடான வஜ்ரத்தை உள்ளே செலுத்தி, காகிதம் போட்டு, பலகை வைத்து இறுக்கினோம்.

மறுநாள் காலை முதலாளி எதிரிலேயே பலகையை எடுத்தோம். அவர் நகத்தால் தட்டிப் பார்த்தார். சத்தம் கெட்டியாக வந்தது. மயிரிழை போல ஒரு கோடு மட்டும் தெரிந்தது. கதவின் இடைவெளி அப்படியேதான் இருந்தது. அதைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"போங்க, ட்ரம்மைப் பாருங்க. இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க."

வெளியே வந்ததும் அண்ணன், தோலை ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன்.