கல்யாணப் பத்திரிகையில் எட்டு வரி

போன திங்கட்கிழமை பாலக்கோட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா அந்தோணிசாமி என் பழைய சிநேகிதர்.

ஒரு மாதம் முன்பு அவர் தருமபுரிக்கு பஸ் ஏறி வந்து பத்திரிகை ப்ரூஃபை நீட்டினார். பைபிள் வசனம் போடும் இடத்தில் எட்டு வரி பிரெஞ்சு!

"மாப்பிள்ளையோட தாய்மாமன் பாண்டிச்சேரிங்க. பிரெஞ்சு தெரிஞ்சவரு. கல்யாணத்தன்னிக்கு நானே ஒண்ணு அவரு கையில குடுக்கப் போறேன், அசந்துடணும்! நீங்க அங்க ரெண்டு வருஷம் வேலை பார்த்தவராச்சே… தப்பு இருந்தா திருத்துங்க சார்."

எங்கே பிடித்தார் இதை? முன்பு ஊரில் இருந்த பிரெஞ்சுச் சாமியார் நாடு திரும்பியபோது, அவருடைய அலமாரியை இவர் அப்பா வாங்கினாராம். அதற்குள் ஒரு தாள். யார் வைத்ததோ! ஊரில் பிரெஞ்சு பேசிய ஒரே ஆள் சாமியார். ஆகவே பிரெஞ்சு என்றால் ஜெபம். ஃப்ரேம் போட்டு, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, முப்பது வருஷமாக மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

படித்தேன்… வரிக்குப் பன்னிரண்டு அசை. இரண்டிரண்டு வரியாக இயைபு. இலக்கணச் சுத்தமான பழைய செய்யுள். விஷயம்? ஒருவன் காதலியின் கழுத்தில் ஆரம்பித்து, அவசரமே இல்லாமல், முத்தம் முத்தமாகக் கீழே இறங்குகிறான். எட்டாவது வரியில் அவள் விளக்கை அணைக்கச் சொல்கிறாள். அவன் மறுக்கிறான்.

பாண்டிச்சேரி மாமா அசந்துதான் போவார். ஆனால் எல்லோரும் சிரிப்பது யாரைப் பார்த்து? பெண்ணைப் பார்த்துத்தானே?

அந்தோணிசாமியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று அனுப்பிவிட்டு, கல்யாணப் பெண் பிலோமினாவைப் போய்ப் பார்த்தேன். தருமபுரியில் டீச்சர். ஸ்கூல் வாசலில் நிற்கவைத்து, ஒளிக்காமல் சொன்னேன்.

கையிலிருந்த நோட்டுகளை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள். "எட்டு வரியுமா சார்?"

"எட்டும்தாம்மா. எடுத்துடலாம். நிறைய பிழைன்னு அப்பாகிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாங்க சார், இருக்கட்டும். பொண்ணு பார்க்க வந்தப்ப அவரு காபி குடிச்சாரு, போயிட்டாரு. ஒரு வார்த்தை பேசலைங்க. வூட்டுலயும் என்னை யாரும் கேக்கலை. அந்த மாமா படிச்சு அவருக்கும் சொல்லட்டுமே…"

"மாமா சிரிச்சுட்டா?"

"சிரிக்கட்டுங்க."

எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. ப்ரூஃபில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கல்யாணத்தன்று அந்தோணிசாமி சொன்னபடியே பத்திரிகையை மாமாவிடம் நீட்டினார். மாமா படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். சிரிக்கவில்லை. நேராக மேடைக்குப் போய் மாப்பிள்ளையின் காதருகே குனிந்தார். எட்டு வரிக்கு ஆகிற நேரம் குனிந்தபடியே இருந்தார்.

மாப்பிள்ளை பிலோமினா பக்கம் திரும்பினார். ஏதோ சொன்னார். அவளும் ஏதோ பதில் சொன்னாள்.

என்ன பேசினார்கள் என்று உங்களுக்கு எழுத எனக்கும் ஆசைதான்… பாழாய்ப்போன பேண்டு வாத்தியக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்!