பௌர்ணமியன்று வைத்த கூட்டம்

புதுச் சாரணர் உடுப்பின் கஞ்சி வாடையும், கழுத்துத் துணி உரசி உரசிப் பிடரியில் எரிந்த எரிச்சலும்தான் அந்த நாளை நினைத்தால் முதலில் வருகின்றன. பின்னாலேயே, முப்பது வருடமாகியும் ஆறாத கோபமும் வந்துவிடுகிறது.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து திருவண்ணாமலையில் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் "ஸ்கவுட் சார்" அருமையான யோசனை ஒன்று சொன்னார்: கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் எல்லாக் குடும்பங்களும் கூடுவது, ராஜா கதைகளை விட்டுவிட்டு, வீட்டுக்கு ஒருவர் இந்தப் பக்கத்தில் தாம் கண்ணால் பார்த்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வது. எங்கள் வீட்டிலிருந்து அம்மா. எங்கள் ஊர் ஏரி உடைந்த வருடம் கரையை அடைத்தது பெண்கள்தானாம், அதில் அம்மாவும் ஒருத்தியாம். எப்படி அடைத்தீர்கள் என்று கேட்டால், "இப்பவே சொல்லிட்டா அங்க வந்து இன்னாத்தடா கேப்ப?" என்று சிரித்துக்கொண்டே வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அதற்குள் ஏற்பாட்டுக் கமிட்டியில் யாரோ, சிறப்பு விருந்தினர் இல்லாமல் கூட்டமா என்று கிளப்பிவிட, வெளியூர்ப் பிரமுகர் ஒருவரைப் பிடித்தார்கள். அவர் பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறாராம், வருகிற வழியில் அப்படியே தலையைக் காட்டிவிடுவாராம். உடனே தேதி பௌர்ணமிக்கு மாறியது. பௌர்ணமியன்று பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள் என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கமிட்டிக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்தார்கள்.

கல்யாணப் பட்டுப்புடவை கட்டியிருந்த அம்மாவும் நானும், இறக்கிவிட்ட இடத்திலிருந்து "பவுர்ணமி ஜனத்தில்" முட்டி மோதி, மொட்டை வெயிலில் நடந்தே போய்ச் சேர்ந்தோம். விருந்தினரோ ஒவ்வொரு லிங்கத்திலும் நின்று கும்பிட்டு, இளநீர் குடித்து, சாவகாசமாக வந்தார். அதுவரை நிழலில் போட்ட நாற்காலிகள் அவருக்காகவும் அவர் கூட வருபவர்களுக்காகவும் காலியாகக் கிடந்தன, எங்கள் அம்மாமார்கள் வெயிலில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன திமிர் இது! வந்ததும் பொன்னாடை, பதிலுக்குப் போர்த்தியவருக்கும் ஒரு பொன்னாடை, பிறகு அவருடைய பேச்சு. பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்த அதே ராஜாக்களை, அதே கோபுரத்தை, எங்களுக்கே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மைக்கை நோக்கிப் போனாள். கமிட்டிக்காரர் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"டைம் ஆயிடுச்சும்மா, ஜனம் ஜாஸ்தியாவுது. அடுத்த வருசம் பாத்துக்கலாங்க."

ஸ்கவுட் சார் தலையைக் குனிந்துகொண்டார். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். திரும்பி நடக்கும்போது அம்மா சொன்னது இவ்வளவுதான்: "நம்ம கத இன்னாத்துக்குடா அவுங்களுக்கு? வா, பஸ்சு போயிடப் போவுது."

அடுத்த வருடம் கூட்டமே நடக்கவில்லை.

இப்போது என் மகள் சாரணியர் படையில் இருக்கிறாள். அதே ஏரிக்கரையில் குடும்பங்களைக் கூட்டி ஊர்க்கதை பேச ஏற்பாடு நடக்கிறது, கமிட்டியில் நானும் ஒருவன். போன வாரக் கூட்டத்தில் ஒருவர் கூசாமல் சொன்னார்: "சீஃப் கெஸ்ட்டு பௌர்ணமிக்குத்தான் ஃப்ரீயாம் சார்." எனக்கு வந்ததே ஆத்திரம்! பௌர்ணமியும் வேண்டாம், கெஸ்ட்டும் வேண்டாம், நாற்காலி போட்டால் எல்லோருக்கும் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லோரும் தரையில் உட்காருங்கள் என்று மேசையைத் தட்டிக் கத்தினேன். கொஞ்சம் ஜாஸ்தியாகவே கத்திவிட்டேன். ஒருவழியாக ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது.

ஜெயித்துவிட்ட நினைப்பில் உட்கார்ந்தபோது, பேசுபவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்த இளம் ஆசிரியை கேட்டார்: "உங்க வீட்ல இருந்து யாரு சார் பேசுறாங்க? இன்னா கதைனு போட்டுக்கட்டும்?"

சாலையை அகலப்படுத்தியபோது அந்தப் புளியமரம் போய்விட்டது, அம்மா போயும் ஆறு வருடமாகிறது. மைக்கைத் தராதவர்களை இத்தனை காலமும் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். அந்த நாளுக்குப் பிறகும் இருபத்துநாலு வருடம் அம்மா எனக்கு எதிரில் உட்கார்ந்து சோறு போட்டாள். ஒரு நாள்கூட நான், "அந்தக் கதையச் சொல்லும்மா" என்று கேட்டதில்லை.